வயலின் வில்லுக்கு எவ்வளவு முடி?

ஏற்காட்டிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகள் 6 வருஷமாகக் கர்நாடக வயலின் கற்கிறாள். வாரம் 2 நாள் மலையிறங்கி அஸ்தம்பட்டியில் வகுப்புக்கு வந்து போகிறாள். வில்லில் முடி நைந்து உதிரத் தொடங்கியதால் ஏப்ரலில் சேலத்தில் மாற்றக் கொடுத்திருக்கிறார்கள். "முடி கொஞ்சம் தாராளமாவே போடுங்க, சத்தம் கணீர்னு வரட்டும்" என்று இவரே சொல்லியிருக்கிறார். திரும்பி வந்த வில் கனக்கிறது. "வில்லு எகிறவே மாட்டேங்குதும்மா" என்கிறாள் பிள்ளை. மழை பிடித்த பிறகு இன்னொரு தொந்தரவு. வில்லின் அடியில் முடியை இறுக்குகிற திருகாணியைக் கடைசி வரை முறுக்கினாலும் முடி தொய்ந்தே கிடக்கிறது. எத்தனை முடி போடுவது கணக்கு, மறுபடியும் மாற்றத்தான் வேண்டுமா என்பது கேள்வி.

மாற்றத்தான் வேண்டும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வில்லில் இரண்டு குறைகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. முடியின் அளவும் கூடிவிட்டது, நீளமும் கூடிவிட்டது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத குறைகள். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாகச் சரியாகாது. அதனால் தனித்தனியாகவே சொல்கிறேன்.

வயலின் வில்லில் பொதுவாக 150 முதல் 200 முடி வரை இருக்கும். குதிரை வால் முடி. எடையில் சொன்னால் 4 கிராமை ஒட்டி வரும். ஆனால் இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் போய் "170 முடி போடுங்கள்" என்று கேட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. குதிரைக்குக் குதிரை முடியின் பருமன் மாறும். 70 செ.மீ. நீளத்துக்கு மெல்லிய முடியாக எடுத்தால் 4 கிராமுக்கு ஏறக்குறைய 250 முடி நிற்கும். தடித்த முடியாக எடுத்தால் அதே 4 கிராமுக்கு 140தான் நிற்கும். எண்ணிக்கை, எடை இரண்டையும் தனியாக நம்ப முடியாது. செவ்வாய்பேட்டையில் கொலுசு வேலை செய்கிறவர்கள் வைத்திருப்பது போன்ற சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று என் மேஜையிலும் இருக்கிறது. ஒவ்வொரு கற்றையையும் அதில் வைத்துப் பார்ப்பேன். அது ஆரம்பத்துக்கு மட்டும். முடிவு செய்வது கண்ணும் விரலும்தான்.

கண் எதைப் பார்க்கிறது என்று சொல்கிறேன். வில்லின் அடிப்பக்கத்தில், நாம் ஃப்ராக் என்று சொல்லும் கருங்காலிக் கட்டையின் முனையில், அரைவட்டமாக ஒரு பூண் இருக்கிறது இல்லையா, வெள்ளியிலோ நிக்கலிலோ? முடி அந்தப் பூணுக்குள்ளிருந்துதான் நாடா போல விரிந்து வெளியே வருகிறது. அங்கே நாடாவின் அகலம் ஏறக்குறைய 1 செ.மீ. ஒரு முடியின் பருமன் சராசரியாக 0.18 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், பக்கத்தில் பக்கத்தில் அடுக்க ஒரு வரிசைக்கு 55 முடி கொள்ளும். 170 முடி என்றால் 3 அடுக்கு. 230 என்றால் 4 அடுக்கையும் தாண்டிவிடும். பூணின் அகலம் கூடப்போவதில்லை. ஆகவே நீங்கள் "தாராளமாக" என்று கேட்டு வாங்கும் ஒவ்வொரு முடியும் பக்கவாட்டில் போய் நிற்க இடமில்லாமல் மேலே, குச்சிப் பக்கம்தான் ஏறுகிறது. தந்தியைத் தொடுவது அடியில் இருக்கும் அடுக்கு. மேலே ஏறினவை தந்தியைப் பார்ப்பதே இல்லை. முடிக்குப் பிடிப்பு வரத் தேய்க்கும் ரோசின் என்ற பிசின் கட்டியை எவ்வளவு தேய்த்தாலும் அவற்றுக்குச் சரியாகப் போய்ச் சேராது.

பூண் வந்த கதையும் இதோடு சேர்ந்ததுதான். பழைய காலத்து ஐரோப்பிய வில்களில் பூண் கிடையாது. முடியும் குறைவு. அது நாடாவாக நிற்காமல் கொஞ்சம் திரண்டு நிற்கும். பாரீஸில் வில் செய்த பிரான்சுவா தூர்த், 1747இல் பிறந்து 1835இல் இறந்தவர், இன்று நாம் பிடிக்கும் வில்லின் நீளம், வளைவு, எடை எல்லாவற்றையும் ஒரு நிலைக்குக் கொண்டுவந்தார். அவர் காலத்தில்தான் பூணும், அதற்குள் அடிக்கிற சின்ன மர ஆப்பும் நிலைபெற்றன. அந்த ஆப்புதான் முடியைத் தட்டையாக விரித்துப் பிடிக்கிறது. முடி கூடியது உண்மைதான். தட்டையாக விரிக்க வழி கிடைத்த பிறகே கூடியது. விரிக்க முடியாத அளவுக்குக் கூட்டினால் தூர்த்துக்கு முந்தைய காலத்துக்கே திரும்பிப் போகிறோம் என்று அர்த்தம்.

நிறைய முடி போட்டால் சத்தம் கூடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். புது முடி போட்ட அன்று வில் நன்றாகப் பிடிக்கும், சத்தம் நிமிர்ந்து வரும். நைந்த முடிக்கும் புது முடிக்கும் உள்ள வித்தியாசம் அது. முடியின் அளவு செய்த வேலை என்று நினைத்துக்கொள்கிறோம். சத்தம் எப்படி உண்டாகிறது என்பதை நம்மவர் ஒருவரே நூறு வருஷத்துக்கு முன்னால் அளந்து பார்த்திருக்கிறார். திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் கல்கத்தாவில் வேலை பார்த்த காலத்தில் வயலின் தந்தியின் அதிர்வைப் பற்றி 1918இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார். பிறகு இயந்திரத்தாலேயே வயலினை வாசிக்க வைத்து, வில்லுக்கு எவ்வளவு அழுத்தம் தேவை என்று அளந்தார். ஒளிச்சிதறல் ஆராய்ச்சிக்கெல்லாம் முந்தைய வேலை இது. தந்தியை ரோசின் ஒட்டிப் பிடிக்கிறது, இழுக்கிறது, தந்தி வழுக்கி விடுபடுகிறது, மறுபடி பிடிபடுகிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை. இந்தப் பிடிப்பு அறுந்துபோகாமல் இருக்க ஒரு குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும். வேகமாக இழுத்தால் அது கூடும், குதிரைக்குக் கிட்டே போனால் இன்னும் கூடும். (இங்கே குதிரை என்பது தந்தியைத் தாங்கும் மரத்துண்டு, வாலைக் கொடுத்த குதிரை இல்லை.) இந்தக் கணக்கில் வருவதெல்லாம் அழுத்தம், வேகம், இடம். மூன்றும் வாசிக்கிறவர் கையில் இருக்கின்றன. மூன்றையும் அவர் நினைத்தபடி தந்தியில் இறக்க வில் இடம் கொடுக்கிறதா என்பதுதான் முடி போடுகிறவர் கையில் இருக்கிறது.

ரோசின் பற்றி ஒரு வார்த்தை. முடியில் செதில் இருக்கிறது, அது ரம்பம் மாதிரி தந்தியை அறுக்கிறது என்று பலர் சொல்வார்கள். புது முடியை ரோசின் போடாமல் தந்தியில் இழுத்துப் பாருங்கள். சத்தமே வராது, வழுக்கும். பிடிப்பது ரோசின்தான், முடி அதைத் தாங்குகிற துணி மாதிரி. பைன் மரப் பாலில் செய்த ரோசினையே வாங்குங்கள். நாட்டு மருந்துக்கடைக் குங்கிலியம் வேறு சரக்கு.

பிள்ளைக்கு ஏன் கனக்கிறது, ஏன் எகிறவில்லை என்பதற்கு வருகிறேன். வில்லின் மொத்த எடை 60 கிராமை ஒட்டி இருக்கும். அதில் 1 கிராம் முடி கூடுவது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். அந்த 1 கிராம் கைப்பிடியில் உட்கார்ந்தால் தெரியாது. முடி வில்லின் முழு நீளத்துக்கும் பரவியிருப்பதால் வில்லின் சமநிலைப் புள்ளியை 2, 3 மி.மீ. நுனிப்பக்கம் தள்ளிவிடும். 6 வருஷம் வாசித்த பிள்ளையின் சுண்டுவிரல் அதைக் கண்டுபிடித்துவிடும். நுனி கனக்கிறது, திருப்பும்போது பின்தங்குகிறது என்று சொல்வாள். மேல்காலத்தில், அதாவது வேகமாக, ஸ்வரம் போடும்போது அது தெளிவாகத் தெரியும்.

எகிறாததற்குக் காரணம் வேறு. வில் எகிறுவது குச்சியின் வளைவால். குச்சி உள்பக்கமாக வளைந்திருக்கிறது. திருகை முறுக்கும்போது முடி அதை நிமிர்த்த இழுக்கிறது, குச்சி மறுத்து இழுக்கிறது. அந்த இழுபறிதான் வில்லின் உயிர். தேர் வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தேரின் பாரம் மாறுவதில்லை. வடம் பிடிக்கிறவர்கள் கூடக் கூட ஒவ்வொருவர் கைக்கும் வரும் பாரம் குறையும், சிலர் வடத்தைச் சும்மா தொட்டுக்கொண்டு நடப்பார்கள். வில்லிலும் குச்சி தாங்கும் மொத்த இழுவிசை ஒன்றுதான். அதை 160 முடி பகிர்ந்தால் ஒவ்வொன்றும் விறைப்பாக நிற்கும். 240 பகிர்ந்தால் ஒவ்வொன்றும் தளர்வாக, மந்தமாக நிற்கும். மொத்தக் கற்றையோ நீட்சி கொடுக்காமல் முரட்டுத்தனமாக இருக்கும். தொட்டால் மெத்தென்று இருக்கிறதே என்று வாசிக்கிறவர் திருகை இன்னும் இரண்டு சுற்று முறுக்குவார். குச்சியின் வளைவு நிமிர்ந்துவிடும். நிமிர்ந்த குச்சிக்கு எகிற எதுவும் மிச்சமில்லை. நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். வாசிக்கிற அளவுக்கு முறுக்கிவிட்டு வில்லைப் பக்கவாட்டில் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். நடுவில் குச்சிக்கும் முடிக்கும் இடையே ஒரு பென்சில் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும், குச்சியில் வளைவும் தெரிய வேண்டும். பென்சில் நுழைவதற்குள் குச்சி நேராகிவிட்டால் அந்தக் குச்சிக்கு அந்த முடி அதிகம்.

ஆகவே முடியின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது முதலில் குச்சி. விறைப்பான கார்பன் ஃபைபர் குச்சி, நல்ல பெர்னாம்புகோ மரத்துக் குச்சி என்றால் பூண் நிறையும்படி போடலாம், தாங்கும். மாணவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் மலிவான மரக்குச்சி. அதற்கு நான் எப்போதும் குறைத்தே போடுவேன். 3 அடுக்குக்கு ஒரு முடிகூட ஏறக்கூடாது என்பது என் கணக்கு. பழைய, மெல்லிய, வளைவு சோர்ந்துபோன குச்சிக்கு இன்னும் குறைவு. குறைத்தால் ஒரு பக்கம் ஆபத்து உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். மிகவும் குறைத்துவிட்டால் அழுத்தி இழுக்கும்போது குச்சி தந்தியில் போய் இடிக்கும். நாலைந்து முடி அறுந்தாலே நாடா ஒரு பக்கம் மெலிந்துவிடும், இழுப்பு ஒருபக்கமாகி நாளடைவில் குச்சி முறுக்கிக்கொள்ளும். விளிம்பு முதல் விளிம்பு வரை இடைவெளி இல்லாமல் மூட வேண்டும், அதற்கு மேல் ஏறக்கூடாது. அந்தச் சந்துதான் நமக்கு வேண்டியது.

முடி கூடினால் வில்லே போய்விடும் என்பதை நான் என் கையாலேயே கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த 2ஆம் வருஷம். ஒரு பெரியவர் தன் அப்பாவின் வில்லைக் கொண்டுவந்தார். அவரும் நிறையப் போடச் சொன்னார், நானும் அவர் மனம் குளிரட்டும் என்று போட்டேன். வில்லின் நுனியில், தலை என்கிற பாகத்தில், ஒரு சின்னக் குழி இருக்கிறது. கட்டைவிரல் நகத்தை விடச் சிறியது. முடிக்கற்றையின் முனையை நூலால் கட்டி, அந்த முடிச்சை அந்தக் குழிக்குள் மடக்கி வைத்து, மேலே ஒரு மர ஆப்பை அழுத்தி அடைப்பதுதான் முறை. பசை போடுவதில்லை. முடிச்சு பருத்திருந்ததால் ஆப்பு உட்காரவில்லை. நான் விடாமல் அழுத்தினேன். நகம் கீறினது போல ஒரு சின்னச் சத்தம். தலையின் பக்கவாட்டில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விழுந்தது. 60 வருஷம் பிழைத்த வில். அவர் ஒன்றும் சொல்லவில்லை, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து யார் எவ்வளவு கேட்டாலும் குழி சொல்வதைத்தான் கேட்கிறேன்.

அந்த முடிச்சை எப்படிப் போடுகிறோம் என்று பார்த்தால் உங்களுக்கே அளவு புரியும். கற்றையின் முனையை ஒன்றாகத் தட்டி, அம்மாபேட்டையில் நெசவுக்காரர்களிடம் வாங்கின பட்டு நூலால் ஏழெட்டுச் சுற்று இறுக்கிக் கட்டுவேன். நூல் முடியைக் கடிக்கும் அளவுக்கு இறுக வேண்டும். கட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு வெட்டி, அந்த முனையை ரோசின் பொடியில் தோய்த்து விளக்குச் சுடரில் ஒரு கணம் காட்ட வேண்டும். சீறும், பொசுங்கின நாற்றம் வரும், முனை கருகி மலர்ந்து சின்னக் காளான் குடை மாதிரி ஆகிவிடும். அந்தக் குடைதான் முடி நூலிலிருந்து வழுக்கி வெளியே வராமல் தடுக்கிறது. ஒரு கணம் கூடினால் நூலும் கருகும். இந்தக் காளான் குழிக்குள் போய் உட்கார்ந்த பிறகு ஆப்புக்குத் தாராளமாக இடம் இருக்க வேண்டும். ஆப்புக்கு மெத்தென்ற மரமே நல்லது. நான் குமிழ் மரத்தில் சீவிக்கொள்கிறேன். கடினமான மரத்தில் ஆப்பு செய்தால் தலை உடையும், ஆப்பு உடையாது.

பிறகு கற்றையை நனைத்து, பேன் சீப்பால் நுனியிலிருந்து அடிவரை வாரி, ஒரு முடிகூட இன்னொன்றைக் குறுக்கே தாண்டாமல் பார்த்துக்கொண்டு, அடியிலும் இதே மாதிரி கட்டி ஃப்ராக்கின் குழிக்குள் வைத்து அடைத்து, சிப்பித் தகட்டைத் தள்ளி மூடி, பூணைப் போட்டு, கடைசியில் விரிக்கும் ஆப்பு. முடி கூடுதலாக இருந்தால் பூணுக்குள் இந்த ஆப்புக்கு இடம் இருக்காது. காகிதம் போல மெலிதாகச் சீவிச் செருகுவார்கள். நாலு நாளில் விழுந்துவிடும். இல்லை, முரட்டுத்தனமாகச் செருகினால் பூணின் ஒட்டு பிரியும். அப்படிப் பிரிந்து என்னிடம் வந்த ஒரு வெள்ளிப் பூணைச் செவ்வாய்பேட்டையில் ஒரு கொலுசு ஆசாரிதான் பற்றவைத்துக் கொடுத்தார். ஊதுகுழலால் மூன்றே ஊது, பொடி ஒட்டு உருகி ஓடி இணைந்துவிட்டது. இவ்வளவு சின்ன வேலைக்குக் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இப்போது நீளம். உங்கள் வில்லுக்கு மழையில் வந்த தொந்தரவு இதுதான். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே முடி போடுகிற எவருக்கும் இதுவே பெரிய சோதனை.

முடி ஈரத்தில் நீளும், வறட்சியில் சுருங்கும். காற்றின் ஈரத்தை அளக்க 1783லேயே சொஸ்யூர் என்பவர் மனித முடியை வைத்துத்தான் கருவி செய்தார். எலும்பாய் உலர்ந்த நிலைக்கும் முழு ஈரத்துக்கும் இடையே மனித முடி 2 முதல் 2.5 சதவீதம் வரை நீளும். குதிரை முடியும் அதே இனம்தான். வில்லில் முடியின் நீளம் 65 செ.மீ. 1 சதவீதம் நீண்டாலே 6 மி.மீ.க்கு மேல். ஃப்ராக் முன்னும் பின்னும் நகர இருக்கும் இடமோ மொத்தமே 1 செ.மீ. பக்கம். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏப்ரலில் துவைத்துப் போட்ட வேட்டி ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு, 1,500 மீட்டர். அக்டோபரில் அங்கே மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும், அலமாரியில் வைத்த செருப்பு பூசணம் பூக்கும். ஒரு மணி நேரப் பயணத்தில் வில் இரண்டு தேசத்தைப் பார்த்துவிடுகிறது.

உங்களுக்கு முடி போட்டவர் சேலத்து ஏப்ரலில், சேலத்து வில்லுக்குப் போடுவது போல, தளர்வு கொஞ்சம் விட்டுக் கட்டியிருக்கிறார். கீழேயே இருக்கும் வில்லுக்கு அது பொருந்தும். வில் வசிப்பது மேலே என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மழையில் முடி நீண்டு, ஃப்ராக் பின்னால் ஓடித் தீர்ந்து, இன்னும் தொய்வு மிச்சமிருக்கிறது.

இதற்கு நேர் எதிரானது இன்னும் மோசம். மழை மாதத்தில் ஏற்காட்டு ஈரத்தில் இறுக்கமாகக் கட்டின முடி, ஏப்ரலில் சேலத்துக்கு இறங்கினால் சுருங்கும். திருகை முழுக்கத் தளர்த்தின பிறகும் முடி விறைத்து நிற்கும், தளர்த்த வழியே இருக்காது. ராத்திரி பெட்டிக்குள் குச்சி இழுபட்டுக்கொண்டே கிடக்கும். வளைவு போகும், சில சமயம் தலை முறியும். தொய்வு என்பது தொந்தரவு மட்டும். இது சேதம். ஆகவே வறண்ட காலத்தில் முடி போடும்போது, திருகை முழுக்கத் தளர்த்தினால் முடி குச்சியின் மேல் இலேசாகப் படியும் அளவுக்குக் கிட்டக் கட்ட வேண்டும், பின்னால் நீள்வதற்கு இடம் மிச்சமிருக்கும். ஈர காலத்தில் போடும்போது நன்றாகத் தொங்கும்படி விட்டுக் கட்ட வேண்டும், பின்னால் சுருங்குவதற்கு இடம் வேண்டும். வாரும்போது நனைக்கிறோம் என்று சொன்னேன் அல்லவா, நனைந்த முடி தன் முழு நீளத்தில் இருக்கிறது, மின்விசிறிக்குக் கீழே காயக் காயச் சுருங்கும். கட்டுகிறபோது அதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் மகள் வாரம் இருமுறை ஏறி இறங்குவதால், அவளுடைய வில் இரண்டு ஊருக்கும் பொதுவாக நிற்க வேண்டும். மே மாதச் சேலத்தில் முழுக்கத் தளர்த்தினால் முடி சற்றே தளர வேண்டும். அதே முடி நவம்பர் ஏற்காட்டில் ஃப்ராக் பாதிக்கு மேல் பின்னால் போவதற்குள் விறைக்க வேண்டும். இதைக் கொடுக்கும்போதே சொல்லுங்கள். "மலையில இருக்கிற வில், கீழேயும் வாசிப்பா" என்ற ஒரு வரி போதும், தொழில் தெரிந்தவர் புரிந்துகொள்வார்.

வாசிப்பைப் பொறுத்தும் அளவு கொஞ்சம் மாறும். கர்நாடக வயலினில் தந்தியை மேற்கத்தியச் சுருதியைவிடத் தாழ்த்தியே வைக்கிறோம். 1 கட்டை என்ற தாழ்ந்த சுருதியில் ஆண் பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசிப்பவருக்குத் தந்தி நன்றாகத் தளர்ந்திருக்கும். அவர் நீளமாக இழுத்து, ஒரே வில்லில் கமகத்தை முழுக்க முடிப்பார். அவருக்கு நாடா நன்றாக நிறைந்திருப்பது சௌகரியம், 3 அடுக்கும் நிறையட்டும். 5 கட்டை என்ற உயர்ந்த சுருதியில் வாசிப்பவர், துரித காலத்தில் அதிகம் புழங்குபவர், கை இலேசானவர் ஆகியோருக்கு அதில் 15, 20 முடி குறைத்தால் வில் பேசும். உங்கள் மகளின் கையை நான் பார்க்கவில்லை. "எகிறவில்லை" என்று அவளாகவே உணர்ந்து சொன்னாள் என்றால் அவளுக்கு இலேசான வில்தான் வேண்டும் என்பது என் எண்ணம். சத்தம் பெரிதாக வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். மைக் பரவாத காலத்தில் மைசூர் சௌடையா அதே ஆசையில்தான் வயலினுக்கு 7 தந்தி கட்டினார். அவர் தேடியது தந்தியில். உங்கள் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது தந்தி எவ்வளவு பழசு, குதிரை நேராக நிற்கிறதா என்பதை. பிறகு அவள் குதிரைக்கு எவ்வளவு கிட்ட இழுக்கிறாள் என்பதை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வில்லில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு முடியின் அளவே அல்ல, எண்ணெய். இடது கை விரல் வழுக்க வேண்டும் என்று தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்கிறார்கள், அதே விரலால் வில்லையும் எடுக்கிறார்கள். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு வகுப்புக்கு வருகிற பழக்கமும் இருக்கிறது. ஃப்ராக்குக்கு மேலே நாலு விரற்கடை முடி கறுத்து, பிசுபிசுத்து, அந்த இடத்தில் வில் வழுக்கும். எண்ணெய் ஏறின முடியில் ரோசின் நிற்காது. அதை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறேன் என்று இறங்கி, குச்சியின் வார்னிஷை உரித்துக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. முடியை விரலால் தொடக்கூடாது என்ற ஒரே பழக்கம் வந்துவிட்டால் ஒரு தடவை போட்ட முடி, தினம் 2 மணி நேரம் வாசிக்கிற மாணவிக்கு ஒரு வருஷம் உழைக்கும்.

இப்போது இருக்கிற வில்லை என்ன செய்யலாம்? அதிக முடியை வீட்டிலேயே குறைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். பிடுங்கினால் கட்டுத் தளர்ந்து பக்கத்து முடிகளும் கழலும். அறுந்த முடியைக்கூடக் கத்தரிக்கோலால் அடியோடு வெட்ட வேண்டுமே தவிர இழுக்கக்கூடாது. கச்சேரி நாளைக்கு என்றால், நாடாவின் நடுவிலிருந்து, மேல் அடுக்கில், பரவலாக ஒரு இருபது முடியை இரண்டு முனையிலும் வெட்டி எடுத்துச் சமாளிக்கலாம். விளிம்பைத் தொடவே கூடாது. ஆனால் உங்களுக்கு நீளமும் தப்பு. அதனால் இந்தச் சமாளிப்பு உங்களுக்குப் பயன்படாது. வில்லின் விலையைவிட முடி போடும் கூலி கூடுதலாகிவிடும் மலிவு வில் என்றால், அந்தப் பணத்தைப் புது கார்பன் ஃபைபர் வில்லில் போடுவதே நல்லது என்று வெளிப்படையாகச் சொல்வேன். அது ஈரத்துக்கு அசையாது. முடி மட்டும் அசையும், பரவாயில்லை.

மறுபடி கொடுக்கும்போது இந்த முடியை வெட்டிவிட்டுக் கொண்டுபோகாதீர்கள். சுத்தமாகக் கொடுப்போம் என்று பலரும் செய்வது அது. பழைய முடிதான் எங்களுக்குக் கடிதம். எந்த விளிம்பில் முடி அறுந்திருக்கிறது, ரோசின் வெள்ளை எந்தப் பகுதியில் தங்கியிருக்கிறது, எங்கே கறுத்திருக்கிறது என்று பார்த்தால் பிள்ளை வில்லை எந்தப் பக்கம் சாய்க்கிறாள், பாதி வில்லா முழு வில்லா என்பது தெரிந்துவிடும். அதிகம் அறுகிற விளிம்பின் பக்கம் ஒரு சிறு இழுப்புக் கூட்டிக் கட்டலாம். முடிந்தால் ஒரு நகைக்கடைத் தராசில் வில்லை எடை போட்டு, முடி மாற்றுவதற்கு முன்னால் எத்தனை கிராம், பின்னால் எத்தனை கிராம் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குப் பிடித்த வில் அமைந்துவிட்டால் அந்த எண்தான் அடுத்த வருஷம் நீங்கள் சொல்ல வேண்டிய அளவு.

புது முடி போட்டு வாங்கின முதல் நாள் ரோசின் நிறையக் குடிக்கும். கட்டியைப் பொறுமையாக, ஃப்ராக் ஓரத்திலும் நுனி ஓரத்திலும் கூடுதலாகத் தேய்க்கச் சொல்லுங்கள். முதல் வாரம் முடி கொஞ்சம் இளகும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வகுப்பு முடிந்து பஸ் ஏறுவதற்கு முன்னால் திருகை முழுக்கத் தளர்த்திப் பெட்டியில் வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து பத்து நிமிஷம் வைத்துவிட்டுப் பிறகு முறுக்கட்டும், அதற்குள் முடி மலைக் காற்றுக்குப் பழகிக்கொள்ளும்.